டோமா மறைத்த கடிதம்

காரைக்குடி
12.10.1997

அன்புள்ள பிரபு,

நான் நல்லா இருக்கேன். நீ அனுப்பின கேம் பெட்டிதான் என்னைப் படுத்தி எடுக்குது.

மதுரைக்குப் போய், உன்கூட வேலை பார்க்கிறவர் வீட்டுல வாங்கிட்டு வந்தேன். நல்லவேளை, மாட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நூறு வோல்ட்டுனு போட்டிருந்துச்சு. இங்குட்டு கரண்டுல அப்படியே சொருகியிருந்தா புகைஞ்சுதான் போயிருக்கும். ரெண்டு நாள் உட்கார்ந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுத்தினேன். அதுக்கப்புறம் படம் கறுப்பு வெள்ளையா வந்துச்சு. நம்ம டிவி ரிப்பேர் கடையில கிடந்த, ஜப்பான் கலரையும் எடுக்கிற ஒரு சிங்கப்பூர் டிவியைச் சரிபண்ணி அதுல மாட்டினப்புறம்தான் கலரே வந்துச்சு.

இவ்வளவு பாடுபட்டுப் போட்டா, ஆரம்பிச்ச உடனே இருபது நிமிஷம் ஆளுக நின்னு பேசுறாக. பொத்தானை அமுக்க அமுக்கப் பேச்சு. அத்தனையும் ஜப்பான் எழுத்து. சண்டை மட்டும் ரொம்ப நல்லா இருக்கு. நம்ம ஆளு நாலு பேர், எதிரி நாலு பேர், யாரை முன்னால விடுறது, எவனுக்கு எந்த மந்திரம்னு யோசிச்சு அடிக்கணும். எனக்குப் பிடிச்சது அதுதான்.

இப்ப ஒரு கோட்டைக் கதவுகிட்ட நிக்கிறேன். ஒன்பது நாளாத் திறக்க மாட்டேங்குது. கதையெல்லாம் எனக்கு வேண்டாம். கதவு எப்படித் திறக்கும்னு மட்டும் எழுது.

உன்
மூர்த்தி


நகோயா
2.11.1997

என் மூர்த்திக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே குளிர் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை விடுதியில் ஒரு அறைக்கு மூன்று பேர். ஞாயிறு மட்டும்தான் டிவி என் கைக்கு வரும். உனக்கு அனுப்பிய அதே கேமைத்தான் நானும் விளையாடுகிறேன்.

கதவு திறக்க, கிணற்றடியில் நிற்கும் கிழவியிடம் மூன்று முறை பேச வேண்டும். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரியாததால்தான் நீ ஒன்பது நாள் நின்றாய். கதை வேண்டாம் என்கிறாயே, கதைதான் அங்கே சாவி.

மூன்று வருஷத்தில் எனக்கு இந்த எழுத்து ஓரளவு படிக்க வந்துவிட்டது. அதனால் நானே உனக்குச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் பெயர் ஷிரோ. நீலச் சட்டை போட்டவன். கூட வருகிற மெலிந்தவன் டோமா, வைத்தியம் தெரிந்தவன். இருவரும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம். வீரர்கள் தேவை என்று அரண்மனையிலிருந்து செய்தி வருகிறது. ஊரிலேயே கெட்டிக்காரன் ஷிரோ. டோமா அவனுக்குப் பக்கத்தில் இரண்டாம் ஆள்.

யார் என்று தெரியாமல் ஒருவனை வைத்துச் சண்டை போட்டால் அதில் என்ன இருக்கிறது? நம்பர் கூடுகிறது, குறைகிறது. அவ்வளவுதான். டோமாவைக் கொஞ்சம் கவனித்துப் பார். இனி பேச்சு வரும்போது பொத்தானை வேகமாக அமுக்காதே.

அன்புடன்
பிரபு


காரைக்குடி
30.11.1997

அன்புள்ள பிரபு,

கதவு திறந்துருச்சு. அதுக்கு நன்றி. மத்தபடி நீ எழுதினதுல எதையும் ஒத்துக்க மாட்டேன்.

கிழவிகிட்ட மூணு தடவை பேசணும்னா அது கதை இல்லடா, தொந்தரவு. ஒரு தடவை பேசினா ஏன் திறக்கக் கூடாது? கதை எழுதினவன் விளையாடுறவனைக் கட்டிப்போட்டு உட்காரவச்சு, ‘இதைக் கேட்டுட்டுப் போ’ங்கிறான். கதை வேணும்னா நான் தியேட்டருக்குப் போவேன். அங்க எவனும் என்னைப் பொத்தான் அமுக்கச் சொல்ல மாட்டான்.

போன செவ்வாய்க்கிழமை கேளு. ரெண்டு மணி நேரம் குகைக்குள்ள அலைஞ்சு, ஒரு பெரிய மிருகத்தை அடிச்சு முடிச்சேன். சேவ் பண்ணலாம்னா அதுக்குள்ள அந்த நாலு பேரும் சுத்தி நின்னு அழுகுறாக. எதுக்கு அழுகுறாகன்னு தெரியல. அழுது முடிக்கிறதுக்குள்ள கரண்டு போயிருச்சு. ரெண்டு மணி நேரமும் வீண். திரும்ப முதல்ல இருந்து. உன் கதை செஞ்ச வேலை அதுதான்.

எனக்கு இதுல பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. தோத்தா ஏன் தோத்தேன்னு தெரியும். தண்ணி மிருகத்துகிட்ட நெருப்பை விட்டேன், தோத்தேன். அடுத்த தடவை மின்னலை விட்டேன், ஜெயிச்சேன். மெட்ராஸ்ல நம்ம ரெண்டு பேரும் எழுதினோமே உன் கம்பெனிப் பரீட்சை, அதுல எதுல கோட்டை விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மெஷின் டிராயிங்கா, கணக்கா, நான் எழுதின இங்கிலீஷா. அதைத் தெரிஞ்சுக்காம வேற எதுக்கும் எழுதிப்போட மனசு வரல. கேம்ல அந்தக் குறை கிடையாது.

அடுத்து, எரியிற பாலத்தை எப்படித் தாண்டுறதுன்னு எழுது.

மூர்த்தி


நகோயா
28.12.1997

என் மூர்த்திக்கு,

கிறிஸ்துமஸ் அன்று இங்கே வேலை நாள். அம்மாவுக்கு போன் போட்டேன், அழுதார்கள். நீ கேக் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொன்னார்கள்.

பாலத்துக்கு முன்னால் விடுதிக்குப் போ. அங்கே ஒரு காட்சி வரும். அதைத் தாண்டாமல் பாலம் அணையாது. இந்த ஒரு காட்சியை மட்டும் முழுதாகப் பார். நான் கேட்டுக்கொள்கிறேன்.

விடுதிக்காரர் டோமா கையில் இரண்டு தாள் கொடுப்பார். இரண்டும் அரண்மனைக் கடிதம். ஒன்று டோமாவுக்கு, ஒன்று ஷிரோவுக்கு. ஷிரோ அப்போது உள்ளே தூங்குகிறான். டோமா ஒரு தாளைப் பைக்குள் வைத்துக்கொள்கிறான். ஷிரோ எழுந்து வந்ததும் தனக்கு மட்டும்தான் வந்தது என்கிறான். ஷிரோ கோபப்படவில்லை. கைகொடுக்கிறான். அந்த இடத்தில் டோமாவின் முகம் கொஞ்ச நேரம் திரையில் அப்படியே நிற்கும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் கதை வெறும் தொந்தரவு என்றுதான் சொல்வாயா? டோமாவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கட்டாயம் எழுது.

பிரபு


காரைக்குடி
25.1.1998

அன்புள்ள பிரபு,

நீ சொன்ன காட்சியைப் பார்த்தேன். தாளை வாங்குறான், ஒண்ணைப் பைக்குள்ள வைக்கிறான், முகம் நிக்குது. எல்லாம் சரி. பாலம் அணைஞ்சுச்சு.

டோமாவைப் பத்தி என்ன நினைக்கிறேன்னு கேட்டிருந்த. கெட்டிக்காரன்னு நினைக்கிறேன். ஒரு மந்திரத்துல நாலு பேர் காயத்தையும் ஆத்துறான். அவன் இல்லாம மணிக்கூண்டு அரக்கனை அடிக்க முடியாது. பதினோரு தடவை முயற்சி பண்ணிட்டேன். அவனைக் கூட வச்சுக்கிட்டே அரக்கன் கடைசி அடியில நாலு பேரையும் சாய்ச்சுப்புடுறான். இவன் கடிதத்தை மறைச்சா எனக்கு என்ன, மறைக்காட்டி என்ன. எனக்கு அவன் மந்திரம் தீராம இருக்கணும். கதையில துரோகி, சண்டையில வைத்தியன். இப்பச் சொல்லு, கதை பெருசா, ஆட்டம் பெருசா?

கடையில வேலை குமிஞ்சு கிடக்கு. எலெக்ஷன் வருதுன்னு எல்லாரும் டிவியைத் தூக்கிக்கிட்டு வர்றாக. அப்பா வழக்கம்போல உன்னைச் சொல்லிக்காட்டி, ‘அந்தோணி மகன் போன இடத்துக்கு நீயும்தானே போன’ன்னு வாரம் ஒரு தடவை ஆரம்பிக்கிறாக. நான் எந்திரிச்சுப் போயி கேமைப் போட்டுருவேன்.

அரக்கனை அடிக்க வழி சொல்லு. எனக்கு வெறுத்துப்போச்சு.

மூர்த்தி


நகோயா
22.2.1998

மூர்த்திக்கு,

அரக்கனின் கடைசி அடிக்கு முன்னால் மணி இரண்டு முறை ஒலிக்கும். அந்த இடைவெளியில் நாலு பேரையும் தற்காப்பில் நிறுத்து. அப்படியும் ஒருவன் பிழைத்தால் போதும்.

நீ சண்டையைப் பற்றியே எழுதுகிறாய். நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. டோமா செய்ததைத் தெரிந்துகொண்டும் கூடவே வைத்துக்கொள்வேன் என்கிறாய். மருந்துக்காக மட்டும்தானா? ஷிரோவுக்கு விஷயம் தெரிந்தால் என்ன செய்வான் என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? கடைசிச் சிடியில் டோமா சொல்லிவிடுகிறான். நான் அதுவரை வந்துவிட்டேன். உனக்கு எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

இப்படிப்பட்ட கதையை நீ பொத்தானை அமுக்கித் தள்ளிக்கொண்டே போவது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா.

பிரபு


காரைக்குடி
15.3.1998

பிரபு,

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

போன வியாழக்கிழமை நம்ம ஆட்டோ சோணை ஒரு ஜப்பான்காரம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கிட்டு வந்தான். கண்டரமாணிக்கத்துலயும் வலையபட்டியிலயும் பழைய வீடுகளைப் படம் எடுக்க வந்தவுக. வீடியோ கேமராவுக்குள்ள கேசட் சிக்கிக்கிச்சாம். நான் அதைக் கழட்டிக்கிட்டு இருந்தப்போ மூலையில உன் கேம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அந்தம்மா பார்த்துட்டுச் சிரிச்சாக. அவுக தங்கச்சி இதையே விளையாடுமாம். காரைக்குடியில இதைப் பார்ப்பேன்னு நினைக்கலைன்னாக.

கேசட்டை எடுத்துக் குடுத்தேன். அதுக்குக் காசு வேண்டாம், இந்த ஒரு இடத்தை மட்டும் படிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னா, நீ திட்டித் திட்டி எழுதுனியே, அந்தக் காட்சியில அப்படி என்னதான் இருக்குன்னு வார்த்தைக்கு வார்த்தை தெரிஞ்சுக்கத்தான். விடுதிக்குப் பக்கத்துல சேவ் பண்ணி வச்சிருந்த பழைய ஆட்டத்தை எடுத்துப் போட்டேன். அவுக பொறுமையா இங்கிலீஷ்ல சொன்னாக.

விடுதிக்காரர் குடுத்த ரெண்டு தாள்ல ஒண்ணு ஊருக்கு வழி காட்டுற படம். இன்னொண்ணு கஷாயம் வைக்கிற குறிப்பு. குறிப்பைத்தான் டோமா பைக்குள்ள வைக்கிறான். ஷிரோ எந்திரிச்சு வந்து வழி தெரிஞ்சதுக்கு நன்றி சொல்லிக் கைகொடுக்கிறான். அரண்மனைக் கடிதம்னு ஒண்ணு அங்க இல்லவே இல்லைன்னு சொன்னாக. நான் நல்லாப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். இன்னொரு தடவை படிச்சாக. இல்லை.

முதல்ல உனக்கு எழுத்துத் தெரியல, வாய்க்கு வந்ததை எழுதியிருக்கன்னுதான் நினைச்சேன். சிரிப்புக்கூட வந்துச்சு. கதை கதைன்னு எங்கிட்ட ஆறு மாசமாச் சண்டை போட்டவன் கதையே படிக்கலையேன்னு. அப்புறம் கடையைப் பூட்டிட்டு உன் கடிதத்தையெல்லாம் வரிசையா வச்சுப் படிச்சேன். கேமுக்கு வழி கேட்டு எழுதின ஒவ்வொரு தடவையும் நீ டோமாவைப் பத்தியே கேட்டிருக்க. ஒரே ஊர்னு எழுதியிருக்க. ஒரே பள்ளிக்கூடம்னு எழுதியிருக்க.

நாம பரீட்சை எழுதின வருஷம் நாங்க வீடு மாத்திக்கிட்டு இருந்தோம்னு கம்பெனிக்கு உன் வீட்டு விலாசத்தைத்தான் குடுத்திருந்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுக்கு எனக்குக் கடிதம் வந்துச்சா இல்லையா?

மூர்த்தி


நகோயா
5.4.1998

மூர்த்தி,

வந்தது.

1994, ஜூன் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. தபால்காரர் இரண்டு உறையும் சேர்த்துத்தான் கொடுத்தார். அம்மா வயலுக்குப் போயிருந்தார்கள். இரண்டையும் நான்தான் பிரித்தேன். எழுத்துப் பரீட்சையில் நீ முதலாவது. நான் நாலாவது. ஒரு பாலிடெக்னிக்கிலிருந்து ஒருவரைத்தான் எடுப்போம் என்று மெட்ராஸில் சொன்னார்கள், உனக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த நாள் உன் வீட்டுக்கு வந்து எனக்கு மட்டும்தான் வந்தது என்றேன். நீ என் கையைப் பிடித்துக் குலுக்கி, அப்பாவிடம் கூட்டிப்போய், பையன் ஜப்பான் போகப்போகிறான் என்று சொன்னாய். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்கு இந்த ஊர் எழுத்தில் பாதிதான் தெரியும். முதல் கடிதத்தில் தெரிந்ததை வைத்து ஒப்பேற்றினேன். தெரியாத இடத்தில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்தபோது இதுதான் கைக்கு வந்தது. நேராக எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ படித்துவிட்டு டோமாவைத் திட்டுவாய், அப்புறம் மன்னிப்பாய், அதன் பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீயோ சண்டையைத் தவிர வேறு எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்கும்போது பயந்தேன். படித்து முடித்ததும் உன் மேலேயே கோபம் வந்தது. என் மேல் வர வேண்டியது.

எதில் கோட்டை விட்டாய் என்று தெரியவில்லை என எழுதியிருந்தாயே. நீ எதிலும் கோட்டை விடவில்லை.

உன் உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட நாலைந்து தடவை எடுத்தேன், முடியவில்லை. என்ன திட்ட வேண்டுமோ திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பிரபு


காரைக்குடி
3.5.1998

பிரபு,

உறை வந்துச்சு. என் பேரை இங்கிலீஷ்ல தப்பில்லாம டைப் அடிச்சிருக்காக. மெஷின் டிராயிங்ல தொண்ணூத்தி நாலு. வாய்மொழிக்கு ஜூன் இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்காக. நின்னுக்கிட்டே நாலு தடவை படிச்சேன். எனக்கு முதல்ல வந்தது சந்தோஷம்தான், நம்புனா நம்பு. நாலு வருஷமா எனக்குள்ள ஒருத்தன் உனக்குத் தொழில் வராதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவன் வாயை மூடினான். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம் வந்துச்சு. அதை இங்க எழுத முடியாது.

உங்க அம்மா டிவியில படம் மேல ஓடுதுன்னு சொல்லி அனுப்பியிருந்தாக. ஞாயித்துக்கிழமை அவுக கோயில் பூசை முடிஞ்சு வந்தப்புறம் போய்ச் சரிபண்ணிக் குடுத்துட்டு வந்தேன். காப்பி போட்டுக் குடுத்தாக. உன்னைப் பத்திக் கேட்டாக, நல்லா இருக்கான்னு சொன்னேன். இது உனக்காகச் செஞ்சது இல்லை. அவுக என்ன பண்ணுவாக பாவம்.

டோமா எந்தத் தப்பும் பண்ணாதவன். நீ கொண்டுபோய் அவன் தலையில போட்டிருக்க. கேமை நான் முடிச்சுட்டேன். கடைசி வரைக்கும் ஒரு பேச்சும் புரியல, இருந்தாலும் ஜெயிச்சேன். பெட்டியை மதுரைக்காரர் வீட்டுலயே திருப்பிக் குடுத்துட்டேன்.

இனி நீ எழுதாத. எழுதினா பிரிக்க மாட்டேன். மன்னிச்சேன்னு எழுதச் சொல்லி எதிர்பார்த்தா, அப்படி எழுத எனக்கு இப்ப வரல. ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கு.

அந்தக் கடிதத்தை அப்பாகிட்டக் காட்டினேன். இங்கிலீஷ் தெரியாதுல்ல, நான் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். தாளை ரெண்டு கையாலயும் வாங்கி, என் பேர் இருக்கிற இடம் எதுன்னு கேட்டு, அங்க விரலை வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்தாக. அது நாலு வருஷத்துக்கு முந்தின கடிதம்னு மட்டும் நான் சொல்லல. அப்புறம் தலையைத் தூக்கி, “எப்பக் கிளம்பணும்யா?”ன்னு கேட்டாக.

நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். இன்னும் பதில் சொல்லல. லீவு போட்டு வா. வந்து அவுகளுக்கு முன்னால நின்னு அந்தப் பதிலை நீ சொல்லு.

சத்தியமூர்த்தி