கவாத்து வெட்டிய பதினெட்டாம் நாள்

சுருளிப்பட்டி,
11.9.2025

அன்புத் தம்பி தங்கப்பாண்டியனுக்கு, அக்கா அனுசுயா எழுதுவது. நானும் உன் மச்சானும் பவானியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ரோட்டர்டாமில் குளிர் தொடங்கும் காலமாம், காதை மூடிக்கொள். பத்து நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது அல்லவா?

பவானி பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மாமாவைப் போல வருவேன் என்று விடுதிச் சுவரில் உன் படத்தை ஒட்டியிருக்கிறாளாம். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஏழாம் எண் தோட்டத்துத் திராட்சையில் தடைசெய்த மருந்து இருந்ததாம். ஏழாம் எண் நம் தோட்டம். அதனால் நம் குழுவின் பதினான்கு தோட்டங்களுக்கும் இயற்கை விவசாயச் சான்றிதழ் ரத்தாம். மறுப்பு இருந்தால் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் எழுத வேண்டுமாம்.

மூன்று வருஷம் நீ சொன்னதைத்தானே செய்தோம்? மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைந்ததை வெளிநாட்டில் உள்ளவர்கள் தேடி வாங்குகிறார்கள், விமானம் வேண்டாம், கப்பலில் அனுப்பினால் புகையும் குறைவு என்றாய். வீடு வீடாகப் போய்ப் பதின்மூன்று பேரிடம் அதைச் சொன்னவள் நான். பந்தலுக்கு அடியில் உரத்துக்காகச் சணப்பு விதைத்து மடக்கி உழுதோம். முதல் வருஷம் சாம்பல் நோய் பாதிக் காயைத் தின்றபோதும் யாரும் மருந்துக்கடைப் பக்கம் போகவில்லை. பால்பாண்டி அண்ணன் மட்டும் போகப் பார்த்தார். அவர் ஸ்பிரேயரைப் பிடுங்கி வந்து நம் மோட்டார் ரூமில் பூட்டினேன். போன வாரம் அவர் வாசலில் நின்று, "எங்க ஸ்பிரேயரப் பூட்டி வச்சுட்டு நீ மருந்தடிச்சிருக்க. நல்லா இருக்கா ஆத்தா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகுதான் கடிதத்தோடு வந்த பெட்டிச் சீட்டின் நகலை உற்றுப் பார்த்தேன். காய் பறித்துப் பெட்டியில் அடுக்கிய தேதி ஜூன் 22. கீழே சரிபார்த்தவர் கையெழுத்து உன்னுடையது. கொச்சி ஆபீசில் அப்போது நீதானே இருந்தாய்?

தம்பி, ஜூன் நாலாம் தேதி நமக்குக் கவாத்து. உன் கை ராசியான கை, முதல் வெட்டு நீதான் போட வேண்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். லீவு போட்டு வந்து வெட்டினாய். மொக்கம்மாளும் அவள் ஆட்களும் உன் பின்னாலேயே வெட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் பந்தலில் ஓர் இலை இல்லை. வெட்டிய கொடியில் மறுபடி பழம் பறிக்க நாலு மாசம் ஆகும் என்பது உனக்குத் தெரியாதா? பதினெட்டாம் நாள் அந்தப் பெட்டியில் இருந்தது யார் தோட்டத்துக் காய்? மொக்கம்மாளிடம் சொன்னேன். "மொட்டக் கொடியில காய் பறிச்சதா எழுதுனவுக யாருத்தா?" என்று கேட்டாள். கம்பெனிக்காரர்கள் என்றேன். உன் பெயரைச் சொல்ல வரவில்லை.

கப்பலுக்குச் சரக்கு போதவில்லை என்று மேலே இருப்பவர்கள் நெருக்கியிருப்பார்கள். வெளியில் வாங்கிய காய்க்கு ஒரு நல்ல எண் தேவைப்பட்டிருக்கும். அக்கா எண்தானே, கேட்க மாட்டாள் என்று நினைத்துவிட்டாய். ஜூலையில் பதவி உயர்வோடு நீ வெளிநாடு போனபோது தெருவெல்லாம் லட்டு கொடுத்தேன். அதை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது. வேறு யாராவது செய்திருந்தால் ஏமாந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பேன். நீ எனக்குத் துரோகம் செய்துவிட்டாய்.

இந்த நகலையும் கவாத்துத் தேதி எழுதிய தோட்டத்து நோட்டையும் குழுவின் முன் வைத்து மறுப்பு எழுதினால் பதினான்கு பேரும் தப்பிப்போம். உன் வேலை போய்விடும். இருபத்தெட்டாம் தேதி வரை பொறுப்பேன், அதற்கு மேல் முடியாது. அதற்குள் நீயே எழுது. அந்தக் காய் ஏழாம் எண்ணுடையது அல்ல என்று ஒரு வரி போதும். யார் சொல்லிச் செய்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

கொடியில் இப்போது காய் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. நீ முதல் வெட்டுப் போட்ட கொடிதான். குலை குலையாகப் பிடித்திருக்கிறது. உன் கை ராசியை இன்னும் நான் குறை சொல்லவில்லை. நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. அந்தக் கையால் ஒரு வரி எழுது.

உன் அக்கா,
அனுசுயா