நாலு புது மைதானமும் உன் சித்தியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் உடம்பும் வேலையும் ஒழுங்காக இருக்கும் என்ற நம்பிக்கையில் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார், உன் தம்பி புது வேலையில் ஒருவழியாக ஒட்டிக்கொண்டான், எனக்கும் ஒரு குறையும் இல்லை, வயிற்றெரிச்சலைத் தவிர. அது யாரால் என்று உனக்குத் தெரியும். சித்தி வேலை பார்க்கும் கோல்ஃப் மைதானத்தின் படங்களைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு புல்லை நான் பார்த்ததே இல்லை சித்தி என்று எழுதினாயாமே, அதை அவள் ஃபோனில் எனக்கே படித்துக் காட்டினாள். இருபத்தாறு வருஷமாகப் புல்லோடு புல்லாகக் கிடக்கிறேன், உன்னைப் படிக்க வைத்ததும் அந்தப் புல்தான். அது உன் கண்ணில் பட்டதே இல்லையா?

நம் மாநிலத்தை பஸ்ஸில் கடக்க இரண்டரை மணி நேரம், கொஞ்சம் கண் அசந்தால் அடுத்த மாநிலம் வந்துவிடும். இந்தத் துக்குணூண்டு இடத்தில் ஆறு வருஷத்துக்குள் நாலு புது கோல்ஃப் மைதானம். ஒன்றில் ஏரியே வெட்டியிருக்கிறார்கள், ஒன்றில் மணலை லாரி லாரியாக வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள், சித்தியுடையதில் தரைக்கு அடியில் குழாய் போட்டு மழைத் தண்ணீரை உறிஞ்சுகிறார்களாம். நான் வேலை பார்க்கும் கிளப்பில் அதே பழைய ஒன்பது குழி, அதே துருப்பிடித்த கேட். எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அங்கே போகிறார்கள், போனால் போகட்டும், திரும்பி வந்து அங்கே எப்படி இருக்கிறது என்று என்னிடமே வர்ணிக்கிறார்கள், எங்களிடமே ஆடிப் பழகிய பல் டாக்டர் உட்பட. தினமும் விடியற்காலையில் பந்து விழும் பழைய குழியை மூடி வேறு இடத்தில் புதுக் குழி வெட்டுவது என் வேலை என்பதால் இங்கே எனக்குக் குழிக்காரி என்று பெயர். என்னிடம் குழி வெட்டக் கற்றுக்கொண்டு, அப்புறம் ஒரு வருஷம் பயிற்சிக்குப் போய் வந்த உன் சித்தியை அங்கே எல்லாரும் மேடம் என்கிறார்கள். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான், பெற்ற பெண்ணிடம் என்ன மறைப்பது.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், படித்துவிட்டு அப்பாவுக்கு ஃபோன் போடாதே. போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்ததும், சித்தி லீவில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அவள் மைதானத்தைப் பார்க்கப் போனேன். பார்க்க என்ன, குறை கண்டுபிடிக்கத்தான். அன்று காலை முழுக்க எங்கள் இரண்டாவது கிரீனில், அதுதான் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பூஞ்சை நோய்க்கு மருந்து அடித்திருந்தேன். காசு அகலத்துக்கு வட்டம் வட்டமாகப் புல் வெளுத்துப்போகும் நோய் அது, எங்களுக்குப் பழகிய சனியன். அதே ஈர பூட்ஸோடு போய்விட்டேன். அங்கே உள்ளே நுழையும் இடத்தில் ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் வைத்திருந்தார்கள், வெளியிலிருந்து புல் நோய் ஒட்டி வராமல் இருக்க, வருகிறவர்கள் எல்லாரும் அதில் காலை நனைத்துவிட்டுப் போக வேண்டுமாம். காவல்காரர் சொன்னார், அம்மா, கால வச்சிட்டுப் போங்க என்று. இது என்ன ஆஸ்பத்திரியா, எனக்கே பாடமா என்று அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தாண்டிப் போய்விட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன், ஒரு குறை கிடைக்கவில்லை. ஏழாவது கிரீனில் குழி விளிம்பாவது பிசிறு தட்டியிருக்குமா என்று, என் வழக்கப்படி ஒரு முழம் தள்ளிச் சுற்றி நடந்து மிதித்துப் பார்த்தேன். பழம் நறுக்கியது போல வெட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து சித்தியே கூப்பிட்டாள், அக்கா, ஏழாவதுல ஏதோ நோய் வந்திருக்கு, ஒரு தடவ வந்து பாரேன், உனக்குத்தான் தெரியும் என்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் காது குளிர்ந்தது. போய்ப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நேராக ஒரு வரிசை வெள்ளைப் பொட்டு, அப்புறம் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் குழி இல்லை, அது மறுநாளே இடம் மாறியிருக்குமே, நான் நடந்த வட்டம் மட்டும் அப்படியே நின்றது. என் பூட்ஸ் கொண்டுவந்த நோய்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா, பனி அதிகம், அதனால்தான் என்றது. அதற்குள் அது பக்கத்து இரண்டு கிரீனுக்கும் பரவியிருந்தது. அடுத்த வாரமே அவள் மானேஜர், மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். உன் சித்தப்பா வீட்டில் சும்மா இருக்கும் இந்த நேரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. தெரியும்க்கா, மொத நாளே தெரியும், குழிய அப்படிச் சுத்தி நடக்கிற ஆள் இந்த மாநிலத்துலயே ஒருத்திதான் என்றாள். அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய் என்று கேட்டேன். நீயா சொல்லுவியோன்னு பாத்தேன் என்றாள். மானேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, சொன்னா உன் கிளப்புல உன்னத் தூக்கிருவாங்க, ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷந்தானே இருக்கு, எனக்கு வயசு இருக்கு, வேற எடம் கிடைக்கும் என்றாள். அவ்வளவுதான், ஒரு வசவு இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வந்தது வெட்கமா என்று யோசித்தேன். வெட்கமும்தான். ஆனால் அதற்கு மேலே அதே பழைய எரிச்சல், இவ்வளவு நல்லவளாகவும் இவள்தானா இருக்க வேண்டும் என்று.

அவள் மானேஜர் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த திங்கட்கிழமை திரும்பியதும் காலையிலேயே போய்ப் பார்க்கிறேன். தட்டைத் தாண்டியது, நடந்தது, பனி என்று புளுகியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அங்கிருந்து நேராக எங்கள் கிளப் செயலாளரிடமும் நானே சொல்லிவிடுவேன். என் வேலை போகலாம். போனால் நீ அனுப்பும் பணத்தைக் கூட்டி அனுப்பாதே, உன் ஆஸ்டல் அறைக்கு ஒரு நல்ல போர்வை வாங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மேலதிகாரி கத்தினால் உடனே பதில் கத்தாதே, அது என் குணம், உனக்கு வேண்டாம். தீர்க்காயுசோடும் மனநிறைவோடும் இரு, யாரைப் பார்த்தும் வயிறு எரியாத வாழ்க்கை உனக்கு அமையட்டும். முக்கியமான ஒன்று, இந்தக் கடிதம் வந்ததும் சித்தியிடம் பேசினால் இதைப் பற்றி மூச்சு விடாதே. எனக்கு முந்திக்கொண்டு மானேஜரிடம் போய், தப்பு தன் பேரில்தான் என்று இன்னும் ஏதாவது சொல்லிவைப்பாள். இது ஒன்றிலாவது நான் அவளுக்கு முன்னால் போக வேண்டும்.

ஆசையுடன்,
உன் அம்மா