டெஸ்ட் மெயில்கள் வந்துவிட்டன

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். கடைச் சாவி டிவி பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் திரைக்கு அளவு கொடுக்க ஒருவர் வருவார். அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், கோபம் என் மேல்தானே.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இரைகிற பெட்டியை அணைத்துவிடாதீர்கள். அதுதான் நம் கடையின் மெயில் சர்வர். "ஒரு மெயிலும் வரல, இதுக்கா ஒரு வாரமா மல்லுக்கட்டுற?" என்று நேற்று கேட்டீர்களே, எல்லாம் வந்திருக்கிறது. நூல் விற்பவருக்கு நான் அனுப்பியது அவருடைய ஸ்பேம் பெட்டியில், வேண்டாத மெயில்களோடு கிடந்ததாம், இப்போதுதான் போனில் சொன்னார். புது சர்வரிலிருந்து வந்தால் மெயில் கம்பெனிகள் சட்டென்று நம்பாதாம். உங்களுக்கு நான் அனுப்பிப் பார்த்தவையும் உங்கள் போனில் அங்கேதான் கிடக்கும்.

முதல் மூன்றில் ‘டெஸ்ட்’ என்று மட்டும் இருக்கும். அதற்கப்புறம், எப்படியும் போய்ச் சேராது என்ற தைரியத்தில் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். உங்கள் அக்காவையும் விடவில்லை. தயவுசெய்து படிக்காமல் அழித்துவிடுங்கள்.

பி.கு.: கடைசி மெயிலை மட்டும் அழிக்க வேண்டாம். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் நீங்கள் டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள்.