மியாலி ஓட்டும் கத்ரெல்

அம்பானிதியா மேட்டுத்தெரு,
அந்தனானரிவு.
அக்டோபர், ஞாயிறு பிற்பகல்

என் மூத்த மகன் சுலுஃபுவுக்கு,

உன் அம்மா ராலிசுவா எழுதுவது. கடவுள் காப்பில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். மழை வருவதற்கு முன்னால் என் முழங்கால் முனகும், அதைக் கணக்கில் சேர்க்காதே. கடல் தாண்டி ரீயூனியனில் நீயும் நல்ல சோறும் நல்ல தூக்கமுமாக இருக்க வேண்டும். முதுகுக்குத் தைலம் தடவுகிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்ததும் "அம்மா, நிறுத்து" என்பாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது. கடைசி வரி வரைக்கும் படி, அதற்குப் பிறகு கோபித்துக்கொள்.

முதலில் நன்றி. நீ அனுப்பிய கிளட்ச் தட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. அங்கிருந்து விடுமுறைக்கு வந்த ஃபாரா அதை உன் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டியபடியே கொண்டுவந்தாள். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்து, "வெளிநாட்டிலேருந்து இரும்பையா கொண்டு வருவாங்க? ஒரு சென்ட் பாட்டில் கிடைக்கலையா?" என்று கேட்டாராம். "சென்ட் அடிச்சா எங்க தெரு மேட்டுல வண்டி ஏறுமா சார்?" என்று இவள் திருப்பிக் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாராம். காலுறையை இப்போது நான்தான் போட்டிருக்கிறேன். அதற்கும் நன்றி.

அந்தத் தட்டை எதற்கு அனுப்பினாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. கிடையில் கிடக்கிற வண்டியைவிட ஓடுகிற வண்டி நல்ல விலைக்குப் போகும், சரிசெய்து விற்றுவிடுங்கள் என்றாய். மெக்கானிக் ஜுஸ்தான் சரிசெய்துவிட்டான். நம் பழைய கத்ரெல் கார் இப்போது தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. ஆனால் விற்கவில்லை, சுலுஃபு. உன் மகள் மியாலி அதை டாக்சியாக ஓட்டுகிறாள். உரிமமெல்லாம் முறைப்படி வாங்கிவிட்டாள். இது நான்காவது வாரம்.

நீ வேண்டாம் என்றது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் நாள் காலையில் நான்தான் அவள் தலையில் நீர் தெளித்து அனுப்பினேன். ஆனால் பாட்டியின் நீர் பாதிதானே? தகப்பன் நீர் தெளித்து "போய் வா" என்று சொல்லாமல் நம் வீட்டில் எந்தப் பிள்ளை வழி தொடங்கியிருக்கிறது? உன் மகள் பாதி ஆசியோடு ஓட்டுகிறாள். மீதியைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அவளாகத் தேடிப் போனதில்லை இது. தையல் ஃபேக்டரியை மூடியபிறகு வீட்டில் சும்மா இருந்தாள். நீ போனதிலிருந்து வண்டி தார்ப்பாயின் கீழ் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதன் பின்சீட்டில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்து இறங்கும்வரை இவள் அந்தக் கதவைத் திறக்க விடவில்லை. ஜுஸ்தான் முன்பக்கமாகவே குனிந்து வேலை செய்தான். "முதலாளி கடல் தாண்டிட்டாரு, கோழி டிரைவராயிருச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இவள் ஸ்பேனரைத் துடைத்துக் கொடுக்கப் போனவள், பிறகு போல்ட்டைக் கழற்றினாள், பிறகு அடியிலேயே படுத்துவிட்டாள். "இந்தப் பொண்ணு கை எலி மாதிரி பாட்டி, எந்தச் சந்துக்குள்ளயும் போயிருது. என் கையைத்தான் எஞ்சின் உள்ள விடமாட்டேங்குது" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல வார்த்தை வந்து எத்தனை வருடமாயிற்று!

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, மகனே. இந்த இறக்கத்தில் பிரேக் விட்டுப்போய் நீ சுவரில் மோதி முதுகில் அடிபட்ட அன்றைய சத்தம் என் காதை விட்டு இன்னும் போகவில்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தாய். ஊரில் எல்லா டாக்சிக்காரர்களும் அப்படித்தானே இறங்குகிறார்கள்? மியாலி மட்டும் இறங்குவதில்லை. கிளட்சைத் தொடுவதற்கு முன்பே நாலு சக்கரத்துக்கும் பிரேக் குழாயை மாற்றச் சொன்னாள். எந்த இறக்கமானாலும் எஞ்சின் ஓட, கியரிலேயே இறங்குகிறாள். ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் விடுவார்களா? "என்ன தங்கச்சி, வீட்டுக்குப் பின்னால பெட்ரோல் கிணறு தோண்டிட்டீங்களா?" என்று கேட்டார்களாம். "இல்லண்ணே. எங்கப்பா முதுகைப் பார்த்து வளர்ந்தவ நான்" என்றாளாம். இதை அவள் வந்து சொல்லவில்லை. அந்த ஸ்டாண்ட்காரர்களில் ஒருவன்தான் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வண்டி தின்னும், அதையும் மறைக்கமாட்டேன். உன் தங்கைக்கென்று வாங்கிய தையல் மெஷின் கியர்பாக்ஸாகப் போனது. ஒரு புத்தாண்டுக்கு உங்கள் எல்லோருடைய புதுச்சட்டையும் டயராக மாறியது. நீங்கள் பழைய சட்டையோடு ஜெபத்துக்குப் போய், புது டயரை ஊருக்கெல்லாம் காட்டினீர்கள். இப்போதும் ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று தும்முகிறது. ஜன்னல் கண்ணாடி பாதி வழியில் மாட்டிக்கொள்கிறது, மழை பெய்தால் ஓட்டுகிறவள் இடது தோள் நனைகிறது. ஆனாலும் உன் அப்பா போனபிறகு நாம் யார் வாசலிலும் கையேந்தி நிற்கவில்லை. அதற்கு முதலில் கடவுளுக்கு நன்றி, அடுத்து அந்தத் தகரத்துக்கு.

சிரிக்க ஒன்று சொல்கிறேன். வண்டியின் விலக்கு ஞாபகமிருக்கிறதா? பன்றிக்கறி ஏறக்கூடாது என்று முதல் சொந்தக்காரர் சாவியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாரே? போன வாரம் இசுத்ரி சந்தையில் ஒரு அம்மாள் மூடிய கூடையோடு ஏறினாள். பாதி மேட்டில் வண்டி இருமிவிட்டு நின்றது. மியாலி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "கூடையில என்னக்கா?" என்றாளாம். "கீரைடி." "கீரைக்குக் குளம்பு இருக்காக்கா?" அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்னடி வண்டி? இதுக்குக் கண்ணும் மூக்கும் வேற இருக்கா?" என்று சத்தம் போட்டாள். இவள் கூடையை எடுத்துக் கூரைமேல் வைத்துக் கட்டினாள். பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் ஊதினாள், கசடு வெளியே வந்தது. ஸ்டார்ட் செய்கிற கம்பியை முன்னால் செருகி ஒரு சுற்று சுற்றினாள், வண்டி கிளம்பிவிட்டது. "அப்போ கூரைமேல வச்சா விலக்கு இல்லையா?" என்று அந்த அம்மாள் கேட்க, "உள்ள ஏறக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. மேல பத்தி யாரும் பேச்சே எடுக்கலக்கா" என்றாளாம். வழியெல்லாம் தெருநாய்கள் ஊர்வலமாகக் கூடவே வந்தனவாம். இப்போது அந்த அம்மாள் வேறு வண்டியில் ஏறுவதில்லை. பணியாரம் சுட்டால் எனக்கும் நாலு கொடுத்துவிடுகிறாள்.

சரி, சிரிப்பு போதும். கீழ்த்தெரு சாஹுலிக்கு வருகிற சனிக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். ஊர் எல்லைக்கு அப்பால் அம்புஹிமாங்காவில் ஜெபம். மணப்பெண் நம் கத்ரெலில்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பெண்ணே ஓட்டுகிற வண்டியில் பெண் போக வேண்டுமாம். அவள் அம்மா பூவுக்கும் ரிப்பனுக்கும் சொல்லிவிட்டு வந்து நின்றாள். மியாலி முடியாது என்றாள். கையைத் துடைத்துக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னாள்: "மன்னிச்சுக்கங்க அத்தை. ஊர் எல்லையைத் தாண்டணும்னா எங்கப்பா தண்ணி வேணும். பாட்டி தண்ணி டவுனுக்குள்ள மட்டும்தான் செல்லும்." எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். என்னால் ஆன ஆசியை நான் முழுசாகக் கொடுத்ததாக நினைத்திருந்தேன். அவள் எல்லை போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாஹுலியின் அம்மா வேறு வண்டிக்கு இன்னும் சொல்லவில்லை, அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் என்றாள். நீ பேசி வைத்த கடற்கரை ஹோட்டல்காரரும் அதே திங்கட்கிழமை பதில் கேட்டு வருகிறார். நல்ல மனிதர்தான், என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார். வண்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எஞ்சினை எடுத்துவிட்டு, மண் நிரப்பி, தோட்டத்தில் பூச்செடி வைப்பாராம். மியாலி அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவள், அவர் போகிறவரை வெளியே வரவில்லை.

நீ அங்கே எங்களுக்காகத்தான் சிமெண்ட் மூட்டை தூக்குகிறாய். உன் வார்த்தையை மீறி நான் ஒரு வண்டியை வைத்துக்கொள்ளமாட்டேன். விற்க வேண்டும் என்று சொன்னால் திங்களன்று சாவியைக் கொடுத்துவிடுகிறேன், அவளும் கொடுத்துவிடுவாள். முகத்தைக்கூடச் சுளிக்கமாட்டாள். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. உன் பிள்ளை அப்படி வளர்ந்திருக்கிறாள், சுலுஃபு. நீயும் உன் மனைவியும் வளர்த்த பிள்ளை. வழியில் பார்க்கிறவர்களெல்லாம் நிறுத்தி என்னிடம் அதைத்தான் சொல்கிறார்கள், நானும் கூச்சமில்லாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை விமானத்தில் ஃபாரா திரும்புகிறாள், இந்தக் கடிதம் அவள் கையில் வரும். வருகிற ஞாயிறு ஜெபம் முடிந்ததும் மியாலி எப்போதும் போல உன்னைக் கூப்பிடுவாள். முதுகைப் பற்றிக் கேட்பாள். என்ன சமைத்தாய் என்பாள், அங்கே மழையா என்பாள். வண்டியைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டாள். போனை வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருப்பாள். லைன் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு ஞாயிறும் நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், அந்த நேரத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறாள்.

அப்போது "சரி, வச்சிடவா" என்று மட்டும் சொல்லிவிடாதே, என் செல்வமே. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள். நீ அங்கே தெளி. உன் பெயரைச் சொல்லி இங்கே நான் அவள் தலையில் தெளிக்கிறேன்.

கர்த்தர் உன் முதுகைத் தாங்கட்டும். உன் நெற்றியில் முத்தம்.

உன் அம்மா,
ராலிசுவா