யார் கையிலிருந்து விழுந்தது

12 ஜூன் 2023
குழம்பு அடிபிடித்துவிட்டது. கவனமெல்லாம் காலையில் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டதிலேயே இருந்தது. "யார் கையிலேர்ந்து வுழுந்துச்சும்மா?" எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி ஷெட்டுக்குக் கம்பி இறக்கப் போன லாரி டிரைவர். மேலே கூரையடியில் குப்புராஜ் என்கிற கான்ட்ராக்டரின் ஆட்களும் மதிவாணன் என்கிற கான்ட்ராக்டரின் ஆட்களும் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்பேனர் விழுந்து இவருடைய வலது தோள் நொறுங்கிப்போனது. ஸ்பேனரில் பெயரா எழுதியிருக்கிறது? இரண்டு கூட்டமும் வாங்குவது ஒரே கடையில்.

இவரிடமே கேட்டேன். "மேல பாத்துக்கினு இருந்தா மூஞ்சில வுழுந்திருக்கும்" என்றார். அப்புறம் சாப்பிடவில்லை.

3 ஜூலை
குப்புராஜைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா கீது. ஆனா அது மதிவாணன் பசங்க வேலை."

4 ஜூலை
மதிவாணன் மோர்கூடக் கொடுக்கவில்லை. "குப்புராஜ் ஆளுங்கதான். அங்க போய் கேளு."

அப்போ வானத்திலிருந்து விழுந்ததா?

19 ஆகஸ்ட்
வக்கீல் சுகிர்தா மேடம் இருவர் மேலும் கேஸ் போட்டுவிட்டார். யாரென்றே தெரியாமல் எப்படி என்று கேட்டேன். "மேலேர்ந்து விழறதைத் தாங்கக் கீழ வலை கட்டாதது ரெண்டு பேரும்தானே செல்வி? அதுதான் நம்ம கேஸ்."

வலை. பழவேற்காட்டில் என் மாமனார் வீட்டில் பழைய மீன் வலை மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறது. கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பார்.

7 பிப்ரவரி 2024
வாய்தா.

2 ஏப்ரல்
வாய்தா. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் நின்றோம். இவருக்குக் கம்பியைப் பிடிக்க இடது கைதான்.

20 செப்டம்பர்
குப்புராஜின் வக்கீல் இவரைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார்: "விழுந்ததைப் பாக்கல. அப்போ என் கட்சிக்காரர்னு எப்படிச் சொல்றீங்க?" அவர் உட்கார்ந்ததும் மதிவாணனின் வக்கீல் எழுந்து அதையே கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "உட்ருடி, பேஜாரா கீது" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இன்னாத்துக்கு உடணும்? ஸ்டீயரிங் புடிக்கிற கைய ஒடச்சிட்டு, அவன் இவனக் காட்டி இவன் அவனக் காட்டினா ஆச்சா?" கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

14 மார்ச் 2025
இன்று அவர்கள் முறை. குப்புராஜ்: "அவன் ஆளுங்க வலையே கட்டல சார், என் கண்ணால பாத்தேன்." மதிவாணன்: "கட்டாதது இவன் ஆளுங்க. நானும் பாத்தேன்."

மேடம் எழுந்தார். "ரெண்டு பேர் சொல்றதையும் நான் ஒத்துக்கறேன். வேற கேள்வி இல்லை."

நீதிபதி இரண்டையும் எழுதிக்கொண்டார்.

11 ஆகஸ்ட்
தீர்ப்பு. கவனக்குறைவு இருவருடையதும். யார் கை என்று காட்ட முடியாதது கீழே நின்றவர் குற்றமில்லையாம். என் கை இல்லை என்று காட்டவேண்டியது மேலே நின்றவர்கள். இரண்டு பேரும் காட்டவில்லை. அதனால் இருவருமே பொறுப்பு.

மேடம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்பீல் போவார்களாம். போகட்டும்.

5 நவம்பர்
இவரோடு லாரி ஓட்டிய வெங்கடேசன் அண்ணன் வந்திருந்தார். அதே ஷெட்டுக்குத்தான் லோடு இறக்கிவிட்டு வந்தாராம். இப்போது மேலே இரண்டு வலை. குப்புராஜுடையது பச்சை, மதிவாணனுடையது நீலம். "ஒருத்தன ஒருத்தன் நம்பல. எது வுழுந்தாலும் யாருதுன்னு தெரிஞ்சிடணுமாம்."

அண்ணன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

இவர் இடது கையால் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கி ஒண்ணு இருந்திருந்தாலே போதும்ணே."