என் பயத்துக்கு டீசல்

மார்ச் 3, திங்கள்

முதலாளி இன்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பேசினார். தையல் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போக இனி ஒரு வேன் போதுமாம். இந்த மாதம் எது அதிக டீசல் குடிக்கிறதோ அதை விற்றுவிடுவார். ஓட்டுகிறவனும் அதோடு போக வேண்டியதுதான். இருவர் என்றால் நானும் மச்சானும், என் அக்கா வீட்டுக்காரர். வீட்டுக்குள்ளேயே போட்டி!

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ சும்மா சும்மா பிரேக்கை மிதிக்கிற. உன் பயத்துக்கு நான் டீசல் ஊத்திக்கிட்டு இருக்கேன்."

உண்மைதான். தெருநாய் திரும்பிப் பார்த்தாலே என் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

மார்ச் 5, புதன்

சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிட வேண்டும், வண்டி தானாகத் தவழ்ந்து போய்ச் சேரும். மச்சான் அப்படித்தான் ஓட்டுவார். நானும் முயன்றேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்; பதறிப்போய் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன். போச்சு.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடும்போது மகள் ஒரு விஷயம் சொன்னாள். அவளும் அந்தத் தையல் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறாள், மச்சான் வண்டியில், எங்கள் வீடு அவர் போகும் மேட்டுப்பாதையில் இருப்பதால். "மாமா இறக்கத்துல எஞ்சினை ஆஃப் பண்ணிடுவாருப்பா. சத்தமே இருக்காது, ஜாலியா இருக்கும்."

ஓ, இதுதானா சங்கதி.

மார்ச் 7, வெள்ளி

எழுத்து கோணலாக விழுகிறது.

மச்சானுக்குப் பல்வலி. சாயங்காலம் அவர் பாதையிலும் நான்தான் போனேன். எல்லோரையும் மேட்டில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பினேன். யார் பார்க்கப் போகிறார்கள்? சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

முதலில் பிரேக் பிடித்தது. இரண்டாவது தடவை அரைகுறையாக. அப்புறம் கல்லை மிதிக்கிற மாதிரி, இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கும் திரும்ப மாட்டேன் என்கிறது; எஞ்சின் ஓடினால்தான் இரண்டுக்கும் பலம். கீழே பஸ் ஸ்டாப், அதில் ஆட்கள். ஐயோ, நான் கத்தினேனா, தெரியலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நடைபாதை ஓரக்கல்லில் டயரைத் தேய்த்து நிறுத்தினேன். ஒரு பெரியவர் மட்டும் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காலி வண்டிக்கே இந்தக் கதி. காலையில் அதில் என் பிள்ளை உட்கார்ந்து வருகிறாள்.

மார்ச் 8, சனி

மச்சானிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "உனக்கு நிழலைப் பார்த்தாலே பயம் மாப்ள. நான் பிரேக்கைத் தொட்டாத்தானே? திரும்பச் சாவி போட்டு எஞ்சினை எழுப்புற நேரம் எனக்குத் தெரியும்."

முதலாளியிடம் சொல்லிவிடலாம். சொன்னால் மச்சான் வேலை போகும், எனக்கு நிலைக்கும். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

மார்ச் 10, திங்கள்

மகளைப் பஸ்ஸில் போகச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப வண்டியில இருக்கிற மத்தவங்க?" என்றாள்.

அவள் பஸ்ஸில் போனாள்.

மார்ச் 11, செவ்வாய்

பாலத்திலிருந்து இறங்கும்போது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மைலேஜ் காட்டும் திரையைத் தற்செயலாகப் பார்த்தேன். கியரிலேயே இருந்தேன், காலை மட்டும் எடுத்திருந்தேன். எண் சரசரவென்று உச்சிக்கு ஏறியது. அதாவது டீசலே போகவில்லை! நியூட்ரலில் போட்டேன், எண் விழுந்தது. திரும்பவும் கியர், திரும்பவும் உச்சி.

எஞ்சினை நிறுத்தவே வேண்டாம். பிரேக்கும் சாகாது.

ஆனால் இதை மச்சானுக்குச் சொன்னால் எல்லா இறக்கத்திலும் டீசலை மிச்சம் பிடிப்பார், அவரை நான் ஜெயிக்கவே முடியாது. என் கால் என் கால்தான், பிரேக்கை விடாது. சொல்லாமல் இருந்தால்?

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை. நாள் பூராவும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது.

மார்ச் 13, வியாழன்

ஷெட்டில் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மேட்டுக்கு விடுங்கள் என்றேன். இறக்கத்தில் அவர் கை சாவிக்குப் போனபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "திரையைப் பாருங்க மச்சான்." பார்த்தார். அடிவாரம் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எனக்கும் பயம்தான் மாப்ள," என்றார். "ஒவ்வொரு நாளும் கீழ வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு விடுவேன். வேலை போயிடுமேன்னுதான்."

மார்ச் 31, திங்கள்

என் வண்டியை விற்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

கம்பெனி கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்தது, சம்பளம் குறைவுதான். மச்சான் வண்டியிலேயே போனேன். மகளும் இப்போது மறுபடி அதில்தான் வருகிறாள்; ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். இறக்கம் வந்தது. சாவி அசையவில்லை, எஞ்சின் உறுமிக்கொண்டே இறங்கியது. என் வலது கால் மட்டும் வெறும் தரையை மிதித்தபடி வந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டார். இந்த முறை சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.