அகிலாவின் கதையை ரூமில் சொன்ன வெள்ளிக்கிழமை

ஷார்ஜா தொழில்பேட்டை
14.5.2004

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே ஐம்பது வயதுக்கு உரிய தொப்பையும் சர்க்கரையும் என்னோடு சேர்ந்து நலம். நீ நலமா என்று கேட்கத்தான் கை கூசுகிறது.

திங்கட்கிழமை உனக்குக் கல்யாணம் என்று அம்மா போனில் அழுதாள், மாப்பிள்ளை உன் பெரியப்பாவின் மச்சினன் மகனாம். அருள்ராஜ் விஷயம் பெரியப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். சிநேகிதி யாரையும் சந்தேகப்படாதே, சொன்னது நான்தானம்மா. எங்கள் ரூமில் விசிடி பிளேயர் பழுதானதிலிருந்து வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் சினிமா. பார்த்த படம், பார்க்காத படம் எல்லாவற்றையும் பாட்டு சண்டையோடு சொல்வேன், பத்துப் பேரும் கட்டிலில் கால் நீட்டிக் கேட்பார்கள். போன மாதம் கைவசம் கதை தீர்ந்துவிட்டது, தலையணைக்கு அடியில் அருள்ராஜைப் பற்றி நீ எழுதிய கடிதம் இருந்தது. பெயரை மாற்றி ஊரை மாற்றி, வம்சப் பெருமை பேசும் மீசைக்காரப் பெரியப்பா, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையன், நர்சிங் படிக்கும் பெண் என்று எடுத்துவிட்டேன். ரூமே அழுதது. "அண்ணே, சேத்து வச்சிருங்க, பிரிச்சீங்கன்னா ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்று மிரட்டினார்கள். நானும் மகராசனாகச் சேர்த்துவைத்தேன். பக்கத்து ஊர் பன்னீர்செல்வம் மட்டும், "பெரியப்பா வேஷத்துக்கு ஒங்க அண்ணனையே போடலாம் போலிருக்கே" என்று சிரித்தான். கைதட்டலில் எனக்கு உறைக்கவில்லை. மறுவாரம் அவன் லீவில் ஊருக்குப் போனான்.

நானும் லீவு கேட்டேன், மாஃபி, இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள், பாஸ்போர்ட் விசா கொடுத்த கபீலின் பெட்டியில் இருக்கிறது. அண்ணனுக்குப் போன் போட்டேன். "நம்ம வம்சத்துல வேத்து ரத்தம் கலக்க விடமாட்டேன், நீ ஒன் டூட்டியப் பாரு" என்றார். பத்துப் பேரை அழவைத்த இந்த வாய், "சரிண்ணே" என்றது. உன்னைக் கூப்பிடச் சொன்னேன், தூங்குகிறாள் என்றார், பகல் பதினொரு மணிக்கு.

மீரா சாகிப் பாய் புதன்கிழமை விமானம் ஏறுகிறார், இதை உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் திங்கள் போய்விடும், தெரிந்துதான் எழுதுகிறேன். கடைசிப் பரீட்சையை விட்டுவிடாதே. என் மேல் உள்ள கோபம் தீர வேண்டாம், அதைச் சாப்பாட்டில் மட்டும் காட்டாதே. அருள்ராஜைப் பார்த்தால், வேண்டாம், பார்க்காதே, அவனையாவது விட்டுவைக்கட்டும். நூறு வருஷம் நல்லாயிரு தாயே. பத்திரிகையில் எல்லாரையும் அழைப்பது நான் என்று என் பெயரைத்தான் அச்சடித்திருக்கிறார்களாம். அதற்கும் நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா சோலையப்பன்